பருப்பு வேகாத கிணறு

பருப்புப் பொட்டலத்த அந்தக் கட்டில்ல வை மக்கா. அடுப்பையும் எறக்கி வை. தண்ணி எங்கயும் ஓடிப் போவாது, பொறவு பிடிச்சுக்கலாம். கிணத்துக்குக் கிணறு போயி பருப்பு வேக வச்சுப் பாக்க வந்த பிள்ள நீதான? தெரியும். காலையிலேர்ந்து ஊருக்குள்ள ஒன் பேச்சுதான். போன வருஷம் நெலம் கெடுததப் பாக்கன்னு மங்கையர்க்கரசி மேடம் வந்தாவ, இந்த வருஷம் ஒன்ன அனுப்பிட்டாவ. என் வாசல்ல ஏற அவியளுக்கு மூஞ்சி இருக்காது, அதான்.

உக்காரு, டீ போட்டுத் தாரேன். என்னப் பத்தி ஒன்ட்ட என்ன சொல்லி அனுப்பினாவளோ தெரியாது. "மேல வீட்டு பட்டுக்கனி ஊர்த் தண்ணியெல்லாம் உறிஞ்சுதா, பாத்துப் பேசு"ன்னு சொல்லிருப்பாவ. சொல்லட்டும். என் வாயாலயும் ஒருதரம் கேட்டுக்கோ. கேட்டுட்டு நீயே சொல்லு, துரோகம் பண்ணது யாருன்னு.

எனக்கு கூடப்பொறந்தவ ஒரே ஒருத்தி. சொர்ணக்கனி. நீ இப்ப அவ வீட்டுலேர்ந்துதான வார? என்ன, காப்பி குடுத்தாளா? குடுத்திருப்பா. வாறவங்களுக்கெல்லாம் குடுப்பா. வாயில விரல வச்சா கடிக்கத் தெரியாதுன்னு ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்கய்யாவுக்கு ஆம்பளப் பிள்ள கெடையாது. நாங்க ரெண்டு பேருதான். கண்ண மூடுததுக்கு முன்னால சொத்த ரெண்டாப் பிரிச்சாரு. இந்த வீடும், தேரிய ஒட்டுன மேல்நெலமும் எனக்கு. அந்தா தெரியுதுல்ல, செவப்பு மணல் மேடு மேடா, அதான் தேரி. கீழ்ப்பக்கத்து வயலு அவளுக்கு. அது கூட போட்டும்னு விட்டிருவேன். கிணத்தையும் அவளுக்கு எழுதி வச்சாரு! மூத்தவ நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன். "ஏய்யா, எனக்குத் தண்ணி?"ன்னு கேட்டேன். "அக்கா தங்கச்சிக்குள்ள என்ன பிரிவினை, ஒரே கிணத்துல ரெண்டு பேரும் எறைச்சுக்கோங்க"ன்னுட்டாரு.

எறைச்சேன். சும்மா சொல்லக்கூடாது, சொர்ணம் ஒருநாளும் மொகம் சுளிச்சதில்ல. நான் வரப்புல எறங்கி வாறதப் பாத்தாலே அவ மோட்டார நிறுத்திட்டு, "எடுத்துக்கோக்கா"ன்னு மடைய எம்பக்கம் திருப்பி விட்டுருவா. அந்த "எடுத்துக்கோக்கா" இருக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல. எங்கய்யா கிணறு, அதுல நான் எடுக்கதுக்கு இவ என்ன "எடுத்துக்கோ"ங்கது? நீயே சொல்லு, ஒனக்கு கூசாது? எனக்கு ஒவ்வொரு நாளும் ஒடம்பு கூசும்.

அதான் எனக்குன்னு தனியா போர்வெல் போட்டேன். எங்க வீட்டுக்காரரு சென்னையில மளிகைக்கட வச்சிருக்காரு, அவரு ரூவா கொணாந்து குடுத்தாரு. போர் வண்டிக்காரன்ட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், "எம்புட்டு எறங்கினாலும் சரி தம்பி, அந்தக் கிணத்த விட ஆழமா இருக்கணும்." அவன் சிரிச்சுட்டான். "யம்மா, கிணத்தோட போட்டி போடுத மொத ஆளு நீங்கதான்"ன்னான். சிரிக்கட்டும். தண்ணி வந்துச்சு பாரு, எளநி தோத்துப் போவும்.

அதுக்குப் பொறவு அவ கிணத்துல தண்ணி என்னவோ எறங்கிட்டு. மழ இல்லல்ல, எறங்கத்தான செய்யும். பொறவு உப்பு ஏறிட்டு. கடலு இங்கேர்ந்து கூப்புடு தூரம், உப்பு ஏறத்தான செய்யும்? அவ வாழ எல்லாம் எல ஓரம் கருகி, கொல தள்ளாம நின்னுச்சு. அடுத்த வரப்புல என் வாழ ஆனக்குட்டி மாதிரி நிக்கி. ஒரே மண்ணு, ஒரே வெயிலு. வெவசாயம் எல்லாருக்கும் கைவராது மக்கா. கடைசியில வயல தரிசாப் போட்டுட்டு பீடி சுத்த உக்காந்துட்டா.

நான் அவள விட்டுட்டேனா? அதச் சொல்லு. அவ கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாமப் போனதும், பின்பக்கத்துல அவளுக்குன்னே ஒரு கொழாய் போட்டுக் குடுத்தேன். அந்தா மாதுளஞ்செடி பக்கத்துல நிக்கில்லா, அந்தக் கொழாய்தான். காலையில ஒரு நட, சாயங்காலம் ஒரு நட, இடுப்புல கொடத்தோட வருவா. "எடுத்துக்கோட்டி"ன்னு சொல்லுவேன். வாய் நெறைய சொல்லுவேன். கொடம் நெறையுத மட்டும் அந்தத் துணி தொவைக்க கல்லுல உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம். பேசுதது என்ன, நான் பேசுவேன், அவ கேப்பா. "ஒன் தண்ணி சர்க்கரக்கா, இதுல போட்டாத்தான் எங்க வீட்டுல பருப்பு வேகுது"ம்பா. எனக்கு அதக் கேக்க அம்புட்டு சந்தோசமா இருக்கும்.

நானும் அவள எம்புட்டு உரிமையா வச்சிருந்தேன் தெரியுமா? எசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல, அத்தன பொம்பளைய நடுவுல வச்சு, "ஏ பிள்ளையளா, என் கொழாய் இல்லன்னா சொர்ணம் வீட்டுல ஒல கொதிக்காது பாத்துக்கோங்க"ன்னு சிரிச்சுச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. அவளும் சிரிச்சா. கூடப்பொறந்தவளக் கேலி பண்ணாம வேற யாரப் பண்ணுவேன்?

இப்படி ஒழுங்கா போய்க்கிட்டு இருந்த எடத்துலதான் ஒங்க மேடம் வந்து எறங்கினாவ. "தேரி பெருகுது, நெலம் கெடுது, இப்படியே போனா ஊரு பாலைவனமாப் போயிரும்"ன்னாவ. நான்தான் அவியள வீட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்டேன். கருவாட்டுக் கொழம்பு வச்சேன். ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாவ. நான் அதச் சொல்லிக் காட்டல, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

அந்த மேடம் என்ன சொன்னாவன்னா, நெலம் கெடுதது ஒரே நாள்ல கண்ணுக்குத் தெரியாது, அதனால சில அடையாளத்த வச்சுக்கிட்டு வருஷா வருஷம் பாக்கணும், அந்த அடையாளத்த ஊர்க்காரங்களே கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டைய ஓட்டாப் போட்டு எடுக்கணும்னாவ. எது மாறினா ஒங்களுக்கே பட்டுனு தெரியுமோ, எதுல யாரும் பொய் சொல்ல முடியாதோ, அதச் சொல்லுங்கன்னாவ. எந்த அடையாளம் மொத எடத்துல வருதோ, அது எங்கன மோசமா இருக்கோ, அங்கனதான் மொத வேல நடக்கும்னும் சொன்னாவ.

எனக்கு உடனே பிடிபட்டுட்டு. ஆடிக் காத்துல தேரி மணல் பறந்து வந்து என் வேலிய மூடுது மக்கா. போன தடவ முருங்க பாதி ஒயரத்துக்கு முங்கிட்டு. மணல் நகருததுதான் அடையாளம்னு ஊரு எடுத்தா, என் மேல்நெலத்த ஒட்டி சவுக்கும் முந்திரியும் வரிசையா வச்சு, காத்துக்குத் தடுப்பு போட்டுருவாவ. நியாயந்தான? தேரிக்காட்டுல மணலப் பாக்காம வேற எதப் பாப்ப?

அதுக்காக வீடு வீடா ஏறி எறங்கினேன். தொண்டத் தண்ணி வத்தப் பேசினேன். "மணலுக்கே போட்டுருங்க"ன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். எல்லாரும் சரின்னாவ. சொர்ணத்துட்ட நான் வீட்டுக்குப் போயிச் சொல்லல, அவதான் தண்ணிக்கு வருவாள்ல. கொழாயடியில வச்சுச் சொன்னேன். "ஏட்டி, ஒன் புளியங்கொட்ட மணலுக்குத்தான்"னேன். கொடத்த இடுப்புல ஏத்திக்கிட்டு, "சரிக்கா"ன்னா. சொன்னா மக்கா! இந்த மாதுளஞ்செடி சாட்சி. எங்கய்யா மேல ஆணையா சொல்லுதேன், "சரிக்கா"ன்னு சொன்னா.

கோயில் மண்டபத்துல கூட்டம். தரையில சாக்பீசால படம் படமா வரைஞ்சிருந்தாவ. மணல் மேடு, ஆட்டு மந்த, உடமுள்ளு, பூட்டிக் கெடக்க வீடு, அப்படி. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்ட. எது முக்கியமோ அதுல வைக்கணும். அதுக்கு முன்னால மேடம் ஒரு பெரிய படத்த விரிச்சாவ. ராக்கெட்ல இருந்து எடுத்ததாம். ஊரு பூரா செவப்பா, வெளிறிப் போயிக் கெடக்கு, நடுவுல ஒரே ஒரு எடம் பச்சப்பசேல்னு இருக்கு. "யாரு நெலம் இது?"ன்னாவ. "என்னுது!"ன்னு எந்திரிச்சு நின்னேன். மேல இருந்து பாத்தாலும் என் வாழ தெரியுது பாரு! எனக்கு மனசு குளுந்துட்டு. ஆனா அவிய, "இந்தப் பச்ச சமயத்துல ஏமாத்தும், இத மட்டும் வச்சு நெலம் நல்லாருக்குன்னு சொல்ல முடியாது"ன்னு என்னமோ இழுத்தாவ. என் வீட்டுல தின்ன கருவாட்டுக் கொழம்பு இன்னும் செமிச்சிருக்காது.

அப்பதான் அவ எந்திரிச்சா. சொர்ணம்! பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பேரு கேட்டாக் கூட என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சவ. அம்பது ஆம்பளைய, நூறு பொம்பளைய இருக்க சபையில எந்திரிச்சு நின்னா. "படத்துல என் கிணறு தெரியாது மேடம்"ன்னா. "எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்கு. முன்னால வெந்துச்சு. இப்ப எம்புட்டு நேரம் எரிச்சாலும் கல்லு மாதிரி கெடக்கு. இதயும் ஒரு அடையாளமா எடுப்பியளா?"ன்னு கேட்டா.

ஒடனே ஒரு மூலையிலேர்ந்து பக்கத்துத் தெரு எசக்கியம்மா, "எங்க வீட்டுலயும் வேகல"ன்னா. இன்னொருத்தி, "எங்களுக்கு சோப்பு நொர வாறதில்ல"ன்னா. அவ்வளவுதான், பொம்பளைய எல்லாம் பிடிச்சுக்கிட்டாவ. பருப்பு பருப்புன்னு ஒரே எரைச்சல். மேடத்துக்கு மொகமெல்லாம் பல்லு. "இத யாரு வேணும்னாலும் பாக்கலாம், மெசின் வேண்டாம், பொய் சொல்ல முடியாது, இப்பவே பாத்துருவமா?"ன்னாவ. நான் சொர்ணத்த மொறைச்சேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

கொடைக்குப் பொங்க வைக்க அடுப்பு வரிசையா கெடந்துச்சு, சட்டியும் இருந்துச்சு. ஒவ்வொரு கிணத்துலேர்ந்தும் ஒரு சொம்பு தண்ணி. ஒரே கடப் பருப்ப ஒரே அளவா அள்ளிப் போட்டாவ. ஊரே சுத்தி நின்னு பாக்கு, திருவிழா மாதிரி. கேளு, எந்தச் சட்டி மொதல்ல வெந்துச்சுன்னு நெனைக்க? என் சட்டி! மத்தவங்க சட்டியில இன்னும் டக்கு டக்குன்னு உருளுது, எனக்கு வெண்ணெயா கொழைஞ்சு போச்சு. சொர்ணத்தோடது கடைசி மட்டும் வேகவே இல்ல.

எனக்கு வந்த சந்தோசத்துல என்ன பண்ணுதேன்னே தெரியல. பருப்பு வேகலன்னு சொல்லி என்ன எறக்கப் பாத்தாளே, ஊரு முன்னால அவ மூஞ்சியிலயே கரி பூசியாச்சுல்ல? கரண்டியத் தூக்கிக் காட்டி, "பாருங்கவே, பட்டுக்கனி தண்ணிய!"ன்னேன். மேடம் சிரிச்சுக்கிட்டே, "எப்படிம்மா ஒங்க தண்ணி மட்டும் இவ்வளவு நல்லாருக்கு?"ன்னு கேட்டாவ. கேட்டா சொல்லாம இருப்பேனா? எத்தன அடி எறக்கினேன்னு சொன்னேன். ஊருல யாரு போரும் அதுல பாதி கெடையாதுன்னு சொன்னேன். கரண்டு இருக்க நேரம் பூரா ஓடும், ஒருநாளும் வத்தினதில்ல, இந்தப் பக்கம் என் மோட்டார் மாதிரி ஓடுத மோட்டார் ஒண்ணக் காட்டுங்கன்னு சொன்னேன். மேடம் ஒண்ணு விடாம கேட்டுக்கிட்டாவ.

பொறவு தரையில ஊர வரைஞ்சு, பருப்பு வேகாத கிணத்துக்கெல்லாம் செவப்புப் பொடி, பாதி வெந்ததுக்கு மஞ்சப் பொடி, நல்லா வெந்ததுக்கு கோலமாவுன்னு வச்சாவ. என் வீடு நடுவுல வெள்ளையா இருக்கு. அத ஒட்டி சுத்திச் சுத்தி ஒரே செவப்பு. தள்ளிப் போகப் போக மஞ்சள். பஞ்சாயத்துத் தலைவரு சுயம்புலிங்கம் அண்ணாச்சி அதப் பாத்துட்டு, "எம்மா பட்டுக்கனி, ஒன் வாயாலயே சொல்லிட்டியேம்மா"ன்னாரு.

நான் என்ன சொன்னேன்? என் தண்ணி நல்ல தண்ணின்னு சொன்னேன். அது குத்தமா? புளியங்கொட்ட பூரா பருப்புச் சட்டி படத்துல விழுந்துச்சு. மணலுக்கு என்னுது ஒண்ணுதான். என் தங்கச்சி என் கண்ணு முன்னால குனிஞ்சு, பருப்புல வச்சா. தடுப்பும் கெடையாது, சவுக்கும் கெடையாது. ஊர்க் கொளத்துக்கு வாய்க்கால் வெட்டப் போறோம், எல்லா போர் மோட்டாரும் இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடணும்னு தீர்மானம் போட்டுட்டாவ. எல்லா போருமாம். ஊருல அப்படி ஓடுத போரு எத்தன இருக்கு? என்னச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு "எல்லா"ங்காவ.

மண்டப வாசல்ல அவள மறிச்சேன். "ஏட்டி, என் தண்ணியக் குடிச்சுட்டு எனக்கே குழி பறிச்சியே, மூதி!"ன்னு கத்தினேன். அவ அழுவான்னு நெனச்சேன். அழல. "நான் கிணத்தப் பத்தித்தான்க்கா சொன்னேன். ஒன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அது எங்கய்யா வெட்டுன கிணறுக்கா"ன்னா. எங்கய்யா! எனக்கும் அவருதான அய்யா? எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு. அடுத்தவன் பண்ணா அது பக. கூடப்பொறந்தவ பண்ணா அது துரோகம். பச்சத் துரோகம்.

அன்னைக்கு சாயங்காலம் அவ தண்ணிக்கு வரல. கோவம் ரெண்டு நாள்ல போயிரும், தண்ணி இல்லாம எங்க போவான்னு இருந்தேன். மறுநாளும் வரல. பள்ளிக்கூடத்துப் பக்கம் பஞ்சாயத்துக் கொழாய் இருக்கு, அங்க போயி வரிசையில நிக்கா. இங்க இருந்து எம்புட்டு தூரம்? வெயில்ல, கொடத்தோட, என் வாசல் வழியாத்தான் போறா, வாறா. திரும்பிப் பாக்க மாட்டா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவ வார நேரம் பாத்து பின்பக்கத்துக் கொழாயத் தொறந்து விட்டுருவேன். தண்ணி விழுத சத்தம் கேட்டா வருவால்லா? ஒருநாள் அது தொறந்தே கெடந்து, செடிக்கடி எல்லாம் கொளமாப் போச்சு. சவம், அப்பவும் வரல.

வரட்டும்னுதான் இருக்கேன் மக்கா. வந்து ஒரு வார்த்த, "தப்புதான்க்கா"ன்னா போதும். அதுகூட வேண்டாம். கொடத்தக் கொண்டாந்து வச்சாப் போதும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சாயங்காலமாச்சுன்னா இந்த வீட்டுல பேச ஆளு கெடையாது. வீட்டுக்காரரு பொங்கலுக்கு வருவாரு, பிள்ளையளு போன்ல பேசும். அந்தக் கல்லுல உக்காந்து கேக்கதுக்கு அவ ஒருத்திதான இருந்தா?

இந்தா, டீயப் பிடி. சீனி போதுமா? ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லு. அவ வீட்டுல வேக வச்சியே, அவ கிணத்துத் தண்ணியில, இந்த வருஷம் எப்படி இருந்துச்சு? ஏன் அப்படிச் சிரிக்க?

வெந்துச்சா?

பாதிக்கு மேலயா? நசுக்கிப் பாத்தியா? விரல்ல வச்சு நசுக்கினா நசுங்கிச்சா? அவ பாத்தாளா அத? என்ன சொன்னா? அழுதாளா! மண்டப வாசல்ல நான் அத்தன பேச்சு பேசினேன், அப்ப ஒரு சொட்டு வரல. பருப்பு வெந்ததுக்கு அழுதாளாமா.

மழ பேஞ்சிச்சுல்ல, அதான். வாய்க்கால்ல வேற தண்ணி வந்துச்சு. நானும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுதேன், ஊருக்குப் பயந்து. இப்படியே போனா அடுத்த வருஷம் நல்லாவே வெந்துரும், இல்ல? நல்லா வெந்துட்டா அவளுக்கு பஞ்சாயத்துக் கொழாயும் வேண்டாம். வாசல் வழியாக்கூட போகமாட்டா. பொறவு அவ எதுக்கு மக்கா இந்தப் பக்கம் வரப் போறா?

இரு, கரண்டு வந்துட்டு. லைட்டு எரியுது பாரு. நீ டீயக் குடி, நான் போயி மோட்டாரப் போட்டுட்டு வாரேன். என்ன பாக்க? இன்னைக்கு ஓட்டுத நாள் இல்லன்னு எனக்கும் தெரியும்.